ஒடியாத இறக்கை, நாறாத ஆமை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு பறவை. சொன்னது முழுப் பொய்.

போன கோடையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மணல் நிறத்தில் ஒரு பறவை எனக்கு முன்னால் குடுகுடுவென்று ஓடியது. ஓடியது திடீரென்று விழுந்தது. ஒரு இறக்கை தரையில் இழுபட, மறு இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, கீச்சிட்டபடி தத்தித் தத்திப் போனது. எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. கையில் ஒரு தயிர்சாத டப்பா இருந்தது. அதைக் காலிசெய்து, பறவையை உள்ளே போட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது என்று முடிவுசெய்தேன். (தயிர்சாதத்தை எங்கே காலிசெய்தேன் என்று சந்தேகம் வரும். வாயில்தான். ஓடிக்கொண்டே.)

பிடிக்கிற தூரத்துக்கு நான் வரும்போதெல்லாம் பறவை ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. என்னை நல்ல தூரம் கூட்டிப்போன பிறகு எழுந்து, இரண்டு இறக்கைகளையும் ஒழுங்காக விரித்து, தன் பாட்டுக்குப் பறந்துபோனது.

மூச்சிரைக்க நின்றேன். இத்தனை வருடங்களாகக் கதை எழுதுகிறேன். என் பொய்யை நம்பி ஒருவர்கூட வெயிலில் காலி டப்பாவுடன் ஓடியதில்லை. ஆகவே இந்தக் கதை பிறந்தது பறவைகள்மேல் உள்ள அன்பால் அல்ல, பொறாமையால்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வந்தால், கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபுறம் ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பை ஒட்டி மண்பாதை. பாதை மணலில் இறங்கி முடிகிற இடத்தில் பச்சைத் தகரக் கதவு போட்ட ஒரு விடுதி. அதன் முன்னால் கடற்கரை. தெற்கே பார்த்தால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் தெரியும்.

(குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "கிழக்கு வெளுத்தது. வங்கக் கடலின் மடியில் கதிரவன் பொன்னை அள்ளி—" வேண்டாம். வங்கக் கடலின் மடியில் இதற்குள் எவ்வளவு பொன் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்தால் சுங்கத்துறை வந்துவிடும்.

இரண்டாவது: "தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரையோரம் வாழும் ஒருவகை உப்புக்கொத்தியை அறிவியலாளர்கள் அண்மையில்தான் தனி இனம் என்று பிரித்து, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள்." தகவல் சரி. ஆனால் கதையில் ஆள் இல்லை. பறவைக்குப் பெயர் மாறியது தெரிந்ததாகவும் தகவல் இல்லை.

மூன்றாவது: "ஜாய்ஸ் லோடு ஆட்டோவிலிருந்து டேப்பும் கையுமாகக் குதித்தாள்."

இது ஓடும்.

3

ஜாய்ஸ் லோடு ஆட்டோவிலிருந்து டேப்பும் கையுமாகக் குதித்தாள். வயது இருபத்தெட்டு. கண்ணாயிரம் என்பவர் நடத்தும் கல்யாண மேடை போடும் கம்பெனியில் வேலை. நாற்காலி உறை துவைப்பதில் ஆரம்பித்து, பூ அலங்காரத்துக்கு உயர்ந்து, இப்போது முதல்முறையாக ஒரு முழுக் கல்யாணத்தையும் அவளிடம் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை, கடலைப் பார்த்த வரவேற்பு. இது நன்றாக முடிந்தால் கடற்கரை வேலைகள் எல்லாம் இனி அவள் பொறுப்பு. சொதப்பினால் மறுபடியும் நாற்காலி உறை. கண்ணாயிரம் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை மாதிரி சொன்னார்.

அவள் அம்மா சந்திரம்மா அந்தக் காலத்தில் நடவுக்குப் போனவர். வயலில் நின்று இடுப்பை நிமிர்த்தினால் வரப்பிலிருந்து திட்டு வரும். ஜாய்ஸுக்கு நிமிர்ந்து நின்று கையை நீட்டி "அங்க வை" என்று சொல்வதற்குச் சம்பளம். வீட்டில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவள் வேலைக்குப் போகும் தொப்பியை சந்திரம்மா தினமும் துவைத்துப்போடுகிறார்.

மணலை அளந்து, மேடையின் நடுப்புள்ளியில் ஒரு முளைக்குச்சி அடித்தாள். பின்னால் டிராக்டருடன் சம்பத் காத்திருந்தான். பிளேடை இறக்கி அந்த இடத்தைச் சமமாக்குவது அவன் வேலை.

அப்போதுதான் பறவை ஓடிவந்து விழுந்தது.

ஜாய்ஸும் என்னைப் போலத்தான். மல்லிகைப்பூ வந்த தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். (அவளுக்குத் தயிர்சாதம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஒரே கதையில் இரண்டு தயிர்சாதம் அதிகம்.) அவள் குனிவதும் பறவை நகர்வதும், அவள் குனிவதும் பறவை நகர்வதுமாகப் போனதை சம்பத் டிராக்டர் மேலிருந்து பார்த்து ரசித்தான். பறவை கடைசியில் பறந்துபோனபோது கைதட்டினான்.

"இன்னா மேடம், பேஷண்டு டிஸ்சார்ஜ் ஆயிட்ச்சா?"

"மூடிகினு வண்டிய ஆஃப் பண்ணு. டீ குடிச்சிட்டு வா, போ."

எரிச்சலுடன் திரும்பி வந்தாள். முளைக்குச்சிக்குப் பக்கத்தில் காலை வைக்கப் போனவள், வைக்காமல் நிறுத்திக்கொண்டாள். அங்கே மணலில் ஒரு சின்னப் பள்ளம். உள்ளங்கை அளவுகூட இல்லை. ஓரத்தில் கிளிஞ்சல் துண்டுகள். நடுவில் மூன்று முட்டைகள். மணல் நிறத்தில், மேலே பேனா மையைத் தெளித்த மாதிரி புள்ளிகள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் காணோம். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இருக்கிறது.

[விளக்கம். இந்த இடத்தில் கதையை நிறுத்துவதற்கு மன்னிக்கவும். ஆனால் இது அற்புதமான ஏற்பாடு.

மரத்தில் கூடு கட்டுகிற பறவைக்கு உயரம்தான் காவல். வேடந்தாங்கல் பறவைகளுக்கு அதோடு ஏரித் தண்ணீர் காவல், வேலி காவல், நுழைவுச் சீட்டு கொடுக்கும் கவுன்டர்கூடக் காவல். உப்புக்கொத்திக்கு எதுவும் இல்லை. அதன் வீட்டுக்குச் சுவர் கிடையாது. ஆகவே 'இங்கே வீடே இல்லை' என்பதுதான் அதன் சுவர். முட்டை மணலாக நடிக்கிறது. ஆள் வந்தால் தாய் நோயாளியாக நடிக்கிறது. குடும்பமே நாடகக் கம்பெனி.

பறவை முட்டையின்மேல் உட்காருவது சூடேற்றத்தான் என்று நினைப்போம். இங்கே கோடையில் விஷயம் தலைகீழ். நடுப்பகலில் மணல் வெறுங்காலைப் பொசுக்கும். திறந்துபோட்டால் முட்டை அவிந்துவிடும். அதனால் பறவை முட்டைக்கு மேலே எழுந்து நின்று நிழல் கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்து, ஈரத்தோடு வந்து முட்டைமேல் உட்காரும். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுகிறோமே, அதே தத்துவம். பெரும்பாலும் பகலில் பெண், இரவில் ஆண் என்று முறைவைத்து மாறிக்கொள்ளும்.

நாம் அந்தப் பறவையைக் காப்பாற்ற அதன் பின்னால் ஓடுகிற நேரமெல்லாம், முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன என்று அர்த்தம். விளக்கம் முடிந்தது.]

4

இங்கே ஒரு சிக்கல். ஜாய்ஸ் ஏன் அக்கறைப்பட வேண்டும்?

ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். "சின்ன வயதில் ஜாய்ஸ் ஆசையாய் வளர்த்த கோழிக்குஞ்சு ஒன்று—" எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஜாய்ஸ் வீட்டில் கோழி வளர்த்தார்கள், உண்மை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அதைச் சாப்பிட்டார்கள், அதுவும் உண்மை. அவளுக்கு அதில் துக்கம் எதுவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் தள்ளிப்போய் லோடு ஆட்டோவின் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பறவை வந்தது. வயிறு ஈரம். நேராக முட்டையிடம் போகாமல், நாலு இடத்தில் நின்று, எதையோ கொத்துவதுபோல் பாவனைசெய்து, வேறு யாருக்கோ வந்ததுபோல் வந்து, பள்ளத்துக்கு மேலே கால்களை அகட்டி நின்றுகொண்டது. வாயைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டு, சுள்ளென்ற வெயிலில், அசையாமல்.

அந்தக் கடற்கரையில் வெயிலில் அசையாமல் நின்று வேலைபார்க்கிற இன்னொருத்தி ஜாய்ஸ்தான். அவள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அன்பு என்று சொல்லமாட்டேன். ஒரே இடத்தில் வேலைசெய்கிற இன்னொரு கம்பெனி ஆளைப் பார்க்கும்போது வருகிற மரியாதை.

பிறகு போனை எடுத்து சீனுவைக் கூப்பிட்டாள்.

சீனு அவளோடு பள்ளியில் படித்தவன். கடலாமை முட்டைகளைப் பாதுகாக்கிற தன்னார்வலர் குழுவில் இருப்பவன். நல்லவன், ஆர்வக்கோளாறு. இந்தக் கதையில் அவனுக்கு நான் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வேலை. அதை அவன் சரியாகச் செய்தான். முட்டையைத் தூக்கி ஓரமாக வைக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, கூடாது என்றான். இந்தப் பறவைக்குத் தெரிவது முட்டை அல்ல, இடம். பல அடி தள்ளி வைத்தால், கண்ணெதிரே இருந்தாலும் அது தன் முட்டை என்று நினைக்காது. காலிப் பள்ளத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

இதோடு அவன் போனை வைத்திருக்கலாம். வைக்காமல் பேசிக்கொண்டே போனான்: இப்போதே நாலு கம்பும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், கூட்டைச் சுற்றி நட்டுவிடலாம், ஒரு போட்டோ எடுத்து இடத்தோடு குழுவில் போட்டால் எல்லாரும் வந்து—

சீனு கதையிலிருந்து நீக்கப்பட்டான்.

(காரணம்: கூட்டுக்குப் பக்கத்திலேயே நட்ட கம்பு என்பது காக்கைக்கு நாற்காலி. மொட்டை மணலில் உட்கார இடம் கிடைத்தால் காக்கை உட்காரும். உட்கார்ந்தால் கீழே பார்க்கும். எச்சரிக்கைப் பலகையும் கயிறும் வைப்பது நல்ல வேலைதான், பல கரைகளில் அதனால் கூடுகள் பிழைத்திருக்கின்றன. ஆனால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், காவலுக்கும் ஆள் வேண்டும். போட்டோவையும் இடத்தையும் பற்றிக் கடைசியில் பேசுவோம்.)

5

வனத்துறைக்குச் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஜாய்ஸும் நினைத்தாள். சொன்னால் வருவார்கள், வேலை நிற்கும். தன் கம்பெனி வேலையைத் தானே நிறுத்திய சூப்பர்வைசருக்கு அடுத்த கல்யாணத்தை யார் கொடுப்பார்கள்? அவர்கள் வந்து சேர்வதற்குள் சம்பத் டீ குடித்து முடித்துவிடுவான் என்பது வேறு.

அப்படியானால் கண்ணாயிரத்திடமே உண்மையைச் சொல்லலாமே?

இங்கேதான் அபாயம். கண்ணாயிரம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிறவர். முட்டை என்று காதில் விழுந்தால் அவர் என்ன செய்வார் என்பது ஜாய்ஸுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். ஒரு கூடை கேட்பார். அதில் வைக்கோல் பரப்பி, முட்டைகளைப் பதமாக எடுத்து வைத்து, சவுக்குத் தோப்பு நிழலில் கொண்டுபோய் வைப்பார். கோழியை அடைவைக்கிறவர்கள் வீட்டில் அப்படித்தான். எந்த மூலையில் கூடையை வைத்தாலும் கோழி போய் உட்காரும். மூன்று உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார். முட்டைகள் தோப்பில் செத்துப்போகும்.

கொடுமைக்காரனிடமிருந்து ஒரு கூட்டைக் காப்பாற்றலாம். உதவிசெய்கிறவரிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

மூன்று மணிக்குமேல் கண்ணாயிரம் வந்தார். முளைக்குச்சியை ஜாய்ஸ் பிடுங்கியிருந்தாள். டிராக்டர் சும்மா நின்றது. ஏன் என்று கேட்டார்.

ஜாய்ஸ் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அண்ணா, இங்க ஆமைய பொதச்சிக்கீறாங்க."

அபாரமான பொய். ஏன் அபாரம் என்று விளக்குகிறேன். ஒவ்வொரு வருடமும் தை, மாசியில் இந்தக் கரைகளில் செத்த ஆமைகள் ஒதுங்கும். பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை. நாற்றம் தாங்காமல், ஒதுங்கிய இடத்திலேயே குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள். அடையாளம் எதுவும் வைப்பதில்லை. ஆகவே இந்தக் கடற்கரையில் எந்த இடத்தைக் காட்டி 'கீழே ஆமை' என்றாலும், இல்லை என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் நிற்கும் மேடைக்கடியில் அழுகிய ஆமை என்றால் மேடை நகர்ந்தே தீரும்.

கண்ணாயிரம் இடத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சம்பத்து, மம்முட்டி எட்னு வா. தோண்டித் தூக்கிப் போட்டுட்டு மேடையப் போடலாம்."

6

இப்படி ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டிராக்டரை நிறுத்தப் போட்ட பொய், மண்வெட்டியைக் கூப்பிட்டுவந்துவிட்டது.

இரண்டு நாள் இந்த இடத்திலேயே எழுதாமல் நின்றேன். ஜாய்ஸும் நின்றாள். சம்பத்தும் கூலிக்கு வந்த எல்லப்பனும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு கூட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நடுவழியில் அப்படியே நிறுத்திவைத்திருந்தேன். கால் வலித்திருக்கும்.

கடைசியில் வழி காட்டியது பறவைதான். ஆட்கள் நெருங்குவதைப் பார்த்து, நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது சத்தமில்லாமல் இறங்கி, குனிந்து ஓடி, தூரமாகப் போய், அங்கே விழுந்து இறக்கையை இழுத்தது.

"பாவம், மறுபடியும் ஒடிஞ்சிட்ச்சி," என்றான் சம்பத்.

ஜாய்ஸ் அதைப் பார்த்தாள். இந்தமுறை ஓடவில்லை. பார்த்தாள். அவள் செய்த தப்பு என்ன என்று அப்போது புரிந்தது.

பறவை 'கூடு இங்கே இல்லை' என்று சொல்வதே இல்லை. கூட்டைப் பற்றி அது பேச்சே எடுப்பதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன், பிடி' என்று வேறு இடத்தில் நின்று சொல்கிறது. ஜாய்ஸ் பொய்யைக் கூட்டின்மேலேயே வைத்துவிட்டாள். பொய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் வருவார்கள்.

துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பறவை போன திசைக்கு எதிர்த்திசையில், தெற்கே நடக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் போய் நின்றாள். முகத்தைச் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் போனாள்.

"அண்ணா, அங்க இல்ல. காத்து இப்பிடிக்கா வருது. இங்க வாங்க."

அவர்கள் திரும்பினார்கள். அவர்கள் நெருங்க நெருங்க, இங்கேயும் இல்லை, இன்னும் அந்தப்பக்கம் என்று தள்ளிப் போனாள். பிடிக்கிற தூரத்துக்கு வந்ததும் ஒரு முழம். கர்த்தர் மன்னிப்பார் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஆறு நாளில் இவ்வளவு மணலைப் படைத்தவருக்கு ஒரு மேடை அளவு விட்டுக்கொடுப்பதில் என்ன வந்துவிடப்போகிறது. மண்பாதையையும் தாண்டிய பிறகு நின்று, காலால் மணலில் ஒரு கோடு கிழித்தாள்.

தோண்டினார்கள்.

[இங்கே ஒரு வரைவில் உண்மையிலேயே ஆமை கிடைத்தது. ஓடு, எலும்பு, நாற்றம், எல்லாம். படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவசரத்துக்கு ஆமை தருகிற கடற்கரை எங்கேயும் கிடையாது. கிழித்துவிட்டேன்.]

ஆமை கிடைக்கவில்லை. இடுப்பளவு தோண்டினார்கள், அடியில் உப்புத்தண்ணீர் ஊறியது. எல்லப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஜாய்ஸ் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கதை முடிந்தது.

கண்ணாயிரம் குழியின்மேல் குனிந்தார். ஒருதரம் மோந்து பார்த்தார். ஜாய்ஸின் முகத்தைப் பார்த்தார். மறுபடி மோந்தார். பிறகு மெதுவாகத் தோள்துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"லேசா வருது, இல்ல?"

"லேசாவாண்ணா?" என்றான் சம்பத். "கொடலப் பொரட்டுது."

எல்லப்பன் இரண்டு அடி பின்னால் போய்த் துப்பினார்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை என்று சொல்லமாட்டேன், கதை முழுவதுமே இட்டுக்கட்டியதுதான். ஆனால் ஒரு ஆள் மூக்கைப் பொத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கு வாடை வரும். எனக்கு மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டு நிற்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. நீங்களும் இப்போது லேசாக மூச்சை இழுத்துப் பார்த்தீர்கள்.

அடுத்த நிமிடம் கண்ணாயிரம் கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். பெரிய ஆமை சார், கட்டில் அளவு இருக்கும் என்றார். தோண்டினால் இன்னும் ரெண்டு மூணு வரும் போலிருக்கிறது என்றார். நல்லவேளை எங்க பொண்ணு மோப்பம் பிடித்தாள் என்றார். பொய் இப்போது ஜாய்ஸின் கையைவிட்டுப் போய், தன் சொந்தக் காலில் நடந்துகொண்டிருந்தது. மேடை குழிக்கும் தெற்கே, விடுதியின் அந்தக் கோடிக்கு நகர்த்தப்பட்டது. பறவைக்கும் மேடைக்கும் நடுவில் மண்பாதை, ஒரு குழி, ஒரு வதந்தி.

7

வெள்ளிக்கிழமை வந்தது. வரவேற்பு நன்றாகவே நடந்தது. மேடை விளக்குகள் வடக்கே மணலைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருந்தன. போட்டோ நன்றாக வரும் என்று ஜாய்ஸ் சொல்லியிருந்தாள், நன்றாகத்தான் வந்தது.

ஒரே ஒரு சண்டை, எச்சில் இலை விஷயத்தில். சமையல்காரர்கள் வழக்கம்போல வடக்குப் பக்கம் மணலில் கொட்டப் போனார்கள். கூடாது, வண்டியிலேற்றி ரோட்டுக்கு எடுத்துப் போ என்று ஜாய்ஸ் மல்லுக்கட்டினாள். (கூட்டுக்கு எமன் டிராக்டர் மட்டுமல்ல. பிரியாணி எலும்பும்தான். எலும்புக்கு நாய் வரும், பருக்கைக்குக் காக்கை வரும். வந்தவை சாப்பிட்டுவிட்டு உடனே வீட்டுக்குப் போகாமல், அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்க்கும். விருந்தாளிகளைப் போல.)

விருந்தாளிகளும் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். பட்டுப்புடவையும் கோட்டும் போட்டவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். ஜாய்ஸ் குழிக்கு இந்தப்பக்கம் போய் நின்றுகொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பணிவாக, அந்தப்பக்கம் ஆமை நாறுகிறது என்றாள். அவர்களும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு பெரியவர், வரும்போதே வந்தது என்றார்.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு வந்த சம்பத் அவள் பக்கத்தில் வந்து நின்றான். வடக்கே இருட்டைப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"இன்னா?"

"ஆமை முட்டை போட்டுக்கீதா?"

ஜாய்ஸ் திரும்பவில்லை.

"போட்டுக்கீது."

"எத்தினி?"

"உன் வேலையப் பாரு சம்பத்து."

சம்பத் டீசல் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்து வந்த விருந்தாளிகளை நோக்கி அவனே நடந்தான்.

8

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை முட்டைகள் பொரிந்தன. இந்தக் குஞ்சுகளுக்கு வாயைத் திறந்துகொண்டு கூட்டில் கிடக்கிற வழக்கம் இல்லை. ஈரம் காய்ந்ததும் ஓடும். தீக்குச்சிக் கால்கள்மேல் வைத்த பஞ்சுருண்டை மூன்று, கழற்றிய மேடையின் ஆணிகளுக்கு நடுவே ஓடின. அவற்றைப் பார்த்துக்கொண்டு ஜாய்ஸ்— இதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு. சனிக்கிழமை அதிகாலை, விருந்தாளிகள் போன பிறகு, யாரோ கூட்டுக்குப் பக்கம்வரை நடந்துபோய், அங்கே நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் மணலில் காலடித் தடம் ஒரு இடத்தில் போய் முடிந்து திரும்பினால், அங்கே என்னவோ இருக்கிறது என்று நாய்க்கு அர்த்தம். பள்ளம் காலியாக—

மூன்று. பௌர்ணமி அலை. இதில் யார்மேலும் குற்றமில்லை. இந்தப் பறவைகள் மறுபடியும் முட்டை வைக்கும், இடம் மிச்சமிருந்தால்.

இவற்றில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். பிடிவாதம் இல்லை, வேறு காரணம்.

தொடக்கத்தில் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். சவுக்குத் தோப்பு, மண்பாதை, பச்சைத் தகரக் கதவு. குறித்துக்கொண்டவர்கள் அடித்துவிடலாம். அப்படியொரு விடுதி அங்கே இல்லை. கண்ணாயிரத்துக்குக் கம்பெனி இல்லை, ஜாய்ஸுக்கு டேப்பும் தொப்பியும் நான் கொடுத்தவை. திருவிடந்தையிலிருந்து கடப்பாக்கம்வரை எவ்வளவோ மணல். அதில் ஏதோ ஒரு இடத்தில், காலி டப்பாவோடு திரும்பி வரும்போது, என் செருப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி நான் பார்த்தது மட்டும் நிஜம். மூன்று. அவை அப்போது இன்னும் வெயிலில் கிடந்தன.

அந்த இடத்தைச் சொல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு வருடம் யோசித்தேன். சொன்னால் நீங்கள் போவீர்கள். பார்க்கத்தான் போவீர்கள், பிரியத்தோடு. போட்டோ எடுப்பீர்கள். ஆகவே ஒரு கல்யாணத்தைக் கொண்டுவந்தேன், ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தேன், இல்லாத ஆமையைத் தோண்டினேன். நீங்களும் முகம் சுளிக்காமல் (அல்லது சரியான இடத்தில் சுளித்து) இவ்வளவு தூரம் பின்னால் வந்தீர்கள்.

கோடையில் கடற்கரைக்குப் போகும்போது ஒரு சின்னப் பறவை உங்கள் முன்னால் விழுந்து இறக்கையை இழுத்தால், பின்னால் ஓடாதீர்கள். நின்று காலடியைப் பாருங்கள். பிறகு நிற்காமல், வந்த திசையிலேயே திரும்பாமல், யாரோ எங்கோ போகிறவர்போல விலகிப் போய்விடுங்கள். இந்தக் கதையின் முடிவு அங்கே இருக்கிறது. அதை எழுதப்போவது உங்கள் செருப்பு.

என்னைப் பொறுத்தவரை, போதுமான தூரம் வந்தாகிவிட்டது. என் இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.